கிணறு: ஒன்று

மீளக் குடியேறி மூன்றாம் மாதம்
கிணறு இறைக்கிற நிறுவனத்துப் பொடியன்
மல்லாவியில் வீடு வீடாய் வந்தான்.
சேதப்பட்ட கிணறு ஏதும் இருக்கோ?
ஓம், ஒன்று, என்றாள் அம்மா.
ஆழம்?
இருபத்திரண்டு அடி. மேலுக்கு.
'மேலுக்கு' என்பதை அவன் எழுதவில்லை.
கட்டு?
முதிரைப் பலகை. அறுபத்துநாலு.
ஒவ்வொன்றிலும் இலக்கம் போட்டிருக்கு.

அம்மப்பா சவிரிமுத்து அதை
நீர்கொழும்பில் நொடிந்துபோன கார்னிவல்காரனிடம்
ஒரு பி.எஸ்.ஏ.யோடு சேர்த்து வாங்கினார்.
லொறியில் படுத்துப் போகும்,
போன இடத்தில் எழும்பி நிற்கும்.
மடுத் திருவிழா, முறிகண்டி, பிறகு
வற்றாப்பளைப் பொங்கலுக்கு
வற்றுவதற்கு ஒன்றுமில்லாத கிணறு.

சனம் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும்.
அடியிலிருந்து சுற்றிச் சுற்றி ஏறி
மாமா யக்கோ அவர்களின் முகத்தருகே வருவார்,
நீட்டிய ரெண்டு ரூபாவைப் பறித்துக்கொண்டு இறங்குவார்.
இருபத்தோராம் பலகையில் அவர் முழங்கால் போன அன்று
ரிக்கற் வித்து முடிந்திருந்தது.
அம்மா ஏறினாள்.
மாக்கிறேற் என்று அறிவிப்புக்காரன் சொன்னதை
ஒலிபெருக்கி பாதி விழுங்கியது.

நானும் ஓடியிருக்கிறேன்.
ஆறாம் மாதம், எட்டு நாள், உள்ளேயிருந்து.
உனக்கு நேராய் நடக்க வராதது அதனால்தான்
என்பாள் கோபம் வந்தால்.

தொண்ணூற்றிரண்டில் பெற்றோல் இல்லை.
கண்ணுக்கு விடுகிற மருந்துப் போத்தலில்
நாலே நாலு துளி கொடுத்து உதைத்துவிட்டு
மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.
கிணறு புகைக் குழாயாயிற்று.
மேலே நின்றவர்கள் கண்ணைக் கசக்கினார்கள்,
அழுகிறார்களாக்கும் என்று நினைத்தேன்.
இருமிக்கொண்டே கை தட்டினார்கள்.

வேகம் இருக்கும்வரை விழமாட்டாய்
என்பது எங்கள் வீட்டு வேதம்.
அது சுவருக்கு மட்டும்தான் என்பதை
கடைசி வருசத்து வீதியில் அறிந்தோம்.
உழவு இயந்திரப் பெட்டியில் கிணறு வந்தது.
தருமபுரத்தில் பன்னிரண்டு பலகை,
விசுவமடுவில் ஒன்பது,
பங்கருக்கு மேலே போட்டு மண்மூடை அடுக்கி
எழும்பும்போது விட்டு விட்டு வந்தோம்.
இரவில் மல்லாந்து கிடந்தால்
ரோச் வெளிச்சத்தில் ரயர்த் தடங்கள் தெரியும்.
வட்டமாய் ஓடியவை,
இலக்கம் மாறி அடுக்கியதால்
ஒன்றோடொன்று பொருந்தாமல்
பலகைக்குப் பலகை அறுந்து நின்றன.
இது நான், இது உன் மாமா என்று
அம்மா விரலால் பிரித்துக் காட்டினாள்.

முப்பத்தொன்றிலிருந்து நாற்பதுவரை
இரணைப்பாலையில், மாமாவுக்கு மேலே.
அவற்றைக் கழற்ற அம்மா விடவில்லை.

இதையெல்லாம் அவள் பொடியனுக்குச் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை, படிவத்தில் இடமில்லை.

வியாழக்கிழமை ஐந்து பேர்
வோட்டர் பம்பும் கயிறும் கொண்டு வந்து இறங்கினார்கள்.
கிணறு எங்கே அம்மா?
கோழிக்கூட்டின் பின்னாலிருந்து
அறுபத்துநாலைத் தூக்கி வந்தாள்.
கதவுப் பலகை. கடைசியாய் மூடுவது.
மூடிவிட்டால் அதுவும் சுவர்.
பாலை மரத்தில் சாத்தி நிறுத்தினாள்.
அவர்கள் அதைப் பார்த்தார்கள்,
பிறகு பலகைக்குப் பின்னால் பார்த்தார்கள்.

ஒருவன் சிரிப்பை அடக்க
பம்பை முடுக்கிப் பார்த்தான்.
அம்மா தலையைச் சரித்துக் கேட்டாள்.
கூடக் குடிக்குது, என்று
குனிந்து காபரேற்றர் திருகை
அரைச் சுற்றுத் திருப்பினாள்.
சத்தம் தணிந்து ஒரே சீராய் ஓடியது.
யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

போகுமுன் பொடியன் படிவத்தை நிரப்பினான்.
ஒப்பமிடும்போது நான் வாசித்தேன்.
கிணறு: ஒன்று.
நீர்: குடிக்க உகந்ததல்ல.